பட்டாளத்து மனக்காயமும் உடம்பும்: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பிரஷர் பார்ப்பேன், ரிப்போர்ட் படித்துச் சொல்வேன் என்பதால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி என்று சுற்றுவட்டாரத்து முன்னாள் படைவீரர் வீடுகளிலிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். கையில் மஞ்சள் பை. அதற்குள் சுகர் நோட்டு, ஈசிஜி தாள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள். பத்து நிமிஷம் சுகரைப் பற்றிப் பேசுவோம். எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் வீட்டம்மா தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்பார்: "ராத்திரியில கத்துறாரு தம்பி. அதுக்கு ஏதும் மாத்திரை இருக்கா?"

வாசலில் கேட்கிற அந்தக் கேள்வியை உள்ளே உட்கார்ந்து, சுகரைக் கேட்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே இருப்பது டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கு.

கார்கில் முடிஞ்சு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப வந்த சுகருக்கும் பிரஷருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆபத்து வந்தால் உடம்பு என்ன செய்யும் என்று முதலில் பாருங்கள். அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓடவும் அடிக்கவும் தசைகளுக்குத் தீனி வேண்டுமே, அதற்காகக் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. கார்டிசோல் என்ற ஹார்மோன் இதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறது. ஷெல் விழுகிற இடத்தில் ஒரு சிப்பாயின் உயிரைக் காப்பாற்றுவதே இந்த ஏற்பாடுதான். ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும்.

மனக்காயம் பட்டவரிடம் அது அடங்குவதில்லை. நம்ம ஊர் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் ஷட்டரைத் தூக்குகிறோம், பாய்ந்ததும் இறக்குகிறோம். திருகு துருப்பிடித்து ஷட்டர் பாதி திறந்தபடியே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? பயிரை வாழவைக்கிற அதே தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி வேரை அழுகவைக்கும். இவர்கள் உடம்பிலும் அப்படித்தான். தூங்கும்போதுகூட நாடித்துடிப்பு முழுதாக இறங்குவதில்லை. ரத்தக் குழாயின் உள்சுவர் வருஷக்கணக்கில் அழுத்தத்தைத் தாங்குகிறது. உடம்புக்குள் லேசான அழற்சி ஓயாமல் இருக்கிறது; ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி என்று வருகிறதே, அது இவர்களிடம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பதில் சொல்லாமல் போகிறது.

இதற்கு மேல் பழக்கங்கள் வந்து ஏறுகின்றன. தூக்கம் கெட்டவர் பகலில் நடக்கமாட்டார். கூட்டத்துக்கு அஞ்சுகிறவர் வெளியே போகமாட்டார். பீடி, சிகரெட், சாராயம் கூடும்.

சுகருக்குப் பரம்பரை உண்டு, மூன்று வேளை சோறு உண்டு, வயசு உண்டு. இது ஒன்றுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் காரணங்களின் வரிசையில் இதற்கும் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடம் மட்டும் சுகர் நோட்டில் எப்போதும் காலியாகவே கிடக்கிறது.

பி.டி.எஸ்.டி. என்கிறார்களே, அது என்ன? பட்டாளத்துக்குப் போன எல்லோருக்கும் வருமா?

வராது. சண்டையைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்களை 1980-களில் நாடு முழுக்கப் பரிசோதித்தபோது, ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு அந்த நேரத்தில் இந்த நோய் இருந்தது. போர் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அவ்வளவு பேர்.

பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன அழுத்த நோய் என்று தமிழில் சொல்லலாம். 1980-ல்தான் இந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. அடையாளங்கள் நான்கு வகை. நடந்தது கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருவது. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. மனசு மரத்துப்போவது, யார்மீதும் ஒட்டுதல் இல்லாமல் போவது, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது. எப்போதும் உஷாராகவே இருப்பது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, முணுக்கென்றால் கோபம். ஒரு மாதத்துக்கு மேல் இவை நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அது நோய்.

உடனே வரவேண்டும் என்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து வரலாம். பணியில் இருக்கும்வரை யூனிட், பரேடு, கூட்டாளிகள் என்று இழுத்துப் பிடித்திருந்தது, பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகு அவிழ்வதும் உண்டு.

அப்பா சண்டையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பேச்சைப் பார்க்காதீர்கள், நடத்தையைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஹவல்தார், பெயர் வேண்டாம், ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் சாயங்காலமே வயலுக்குப் போய்விடுவார். போர்செட் கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். ஐப்பசி மழையில் வயல் ஏற்கெனவே ததும்பி நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. "கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு, தண்ணி நிக்கிற வயல்ல மோட்டார் ஓட்டுறான்" என்று பக்கத்து வயல்காரர் பேசுவார். மகனுக்கும் அப்பா கஞ்சத்தனத்தால் புதுத்துணி எடுக்காமல் ஓடுகிறார் என்றுதான் எண்ணம்.

ஒரு வருஷம் பிரஷர் மாத்திரை கொடுக்க நானே கொட்டகைக்குப் போனேன். மோட்டார் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. ஊரில் வெடிக்கிற எந்த வெடியும் உள்ளே வரவில்லை. அவர் கை இரண்டும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பிரஷர் பார்த்தேன், 190-க்கு 110. போன மாதம்தான் அதே கையில் 140-க்கு 90 பார்த்திருந்தேன். மாத்திரை ஒரு வேளையும் தவறவில்லை. அந்த ஐம்பது புள்ளி எங்கிருந்து வந்தது என்று மோட்டாரைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோயிற்று.

உங்கள் வீட்டில் அது வேறு விதமாக இருக்கும். சாவு ஊர்வலத்தில் வேட்டுப் போடும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். கல்யாண மண்டபத்தில் சுவரில் முதுகு சாய்த்து, வாசல் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். தாழ்ப்பாளை ராத்திரி நான்கு முறை சரிபார்ப்பார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரமாட்டார். இதையெல்லாம் "அவர் குணம் அப்படி" என்று இருபது வருஷமாகப் பழகியிருப்பீர்கள்.

மனசுக் கஷ்டத்தால ஹார்ட் கெடும்னு நிரூபிச்சிருக்காங்களா? சும்மா சொல்றதா?

தொடர்பு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள், அதுவும் கவனமாக. சந்தேகம் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த சிப்பாய்களுக்குப் படபடப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருப்பதைப் பார்த்த டாக்டர் டா கோஸ்டா 1871-ல் அதை எழுதிவைத்தார். "சிப்பாயின் இதயம்" என்றே அதற்குப் பெயர் வந்தது.

என்னை அசைத்தது 2013-ல் வந்த ஒரு ஆய்வு. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த ஆண்கள், 281 ஜோடி, அதாவது 562 பேர். ஆரம்பத்தில் ஒருவருக்கும் இதய நோய் கிடையாது. சுமார் 13 வருஷம் கழித்துப் பார்த்தபோது, பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் வந்திருந்தது. இல்லாதவர்களில் 8.9 சதவீதம். இருவரில் ஒருவருக்கு மட்டும் மனக்காயம் இருந்த ஜோடிகளிலும் அவருக்கே அதிகம். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். புகை, குடி, பிரஷர், எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. பரம்பரை மேல் மட்டும் பழியைப் போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

படபடன்னு வருது, வேர்க்குது. இது மனசா, ஹார்ட்டா, கேஸா?

வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மனக்காயம் பட்ட சிப்பாய்க்கு இதய நோய் வர வாய்ப்பு கூடுதல் என்று இப்போதுதான் பார்த்தோம். அப்படிப்பட்டவருக்கு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல் வந்தால் சோடா கொடுத்து, ஓமம் கொடுத்து ஒரு மணி நேரத்தை வீணாக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுங்கள். ஹார்ட் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு மனசைப் பார்க்கலாம்.

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நடுராத்திரி வேர்த்து நடுங்கி எழுந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அது கெட்ட கனவாக இருக்கலாம், சர்க்கரை தாழ்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். மெஷின் இல்லையென்றாலும் அதைக் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். திருவாரூர்ப் பக்கத்து ஒரு குடும்பம் மூன்று மாதமாகப் பழைய பயம்தான் திரும்பிவிட்டது என்று விபூதி பூசிக்கொண்டிருந்தது. மெஷினில் பார்த்தால் 52.

மருந்து எடுத்தும் சுகர் இறங்கல. மனசைச் சரிபண்ணினா இறங்குமா?

இறங்கும் என்று உறுதி கொடுக்க முடியாது. நம்பிக்கை கொள்ள இடம் இருக்கிறது. 2019-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களைப் பற்றி ஒரு ஆய்வு வெளிவந்தது. பி.டி.எஸ்.டி. அடையாளங்கள் நன்றாகக் குறைந்தவர்களுக்கு, குறையாதவர்களைவிடப் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஏற்கெனவே சுகர் வந்துவிட்டவர்களுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தூங்கி எழுந்தவர் நடப்பார், நடந்தவருக்குச் சுகர் இறங்கும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-ல் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரை பல வீடுகளுக்கு வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி. வருகிற அந்தப் பெண்ணிடம் "ராத்திரி தூக்கம் இல்லைம்மா" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரை வாங்க மட்டும் கையை நீட்டிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள்.

தூக்கத்தில் கத்துகிறார், கையை வீசுகிறார். ஒரு தடவை என் கழுத்தைப் பிடித்துவிட்டார். என்ன செய்ய?

அம்மா, அது உங்கள்மேல் உள்ள கோபம் இல்லை. விழித்ததும் அவரைவிட அதிகமாகப் பதறியவர் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். அதற்காக நீங்கள் அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அந்த நேரத்தில் தோளைத் தொட்டு உலுக்காதீர்கள். கால்மாட்டுப் பக்கம் எட்ட நின்று விளக்கைப் போடுங்கள். பெயரைச் சொல்லி, இடத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "நம்ம வீட்டுலதான் இருக்கீங்க, மணி மூணு, நான்தான்." உங்கள் குரலில் அவசரம் இருக்கக் கூடாது. அரிவாள், கம்பு எதையும் தலைமாட்டில் வைக்க விடாதீர்கள். கொஞ்ச நாள் தனிக் கட்டிலில் படுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

குறட்டையையும் கவனியுங்கள். குறட்டை விட்டுக்கொண்டே இருந்து திடீரென்று மூச்சு நின்று, பிறகு திணறி எழுகிறாரா? தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இவர்களிடம் நிறையக் காணப்படுகிறது. மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு ஆபத்து என்று அலறுகிறது. பிரஷர் ஏறுகிறது, கனவும் மோசமாகிறது. இதற்குத் தூக்கப் பரிசோதனை உண்டு, முகத்தில் மாட்டிக் காற்றுத் தரும் கருவியும் உண்டு. அதை மாட்டத் தொடங்கிய சிலருக்குக் கனவே குறைந்திருக்கிறது. இது தெரியாமல் தூக்க மாத்திரை போட்டால் மூச்சு இன்னும் அடைபடும்.

முதுகுவலி, வயித்துக் கோளாறு, காதுல இரைச்சல். டாக்டர் ஒண்ணும் இல்லைங்கிறார்.

காது இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பீரங்கியும் துப்பாக்கியும்தான். காது நிபுணரிடம் போங்கள். வலி வேறு கதை. காயம்பட்ட இடம் வலிக்கும்போதெல்லாம் சம்பவம் நினைவுக்கு வருகிறது, நினைவு வந்தால் தசை இறுகுகிறது, இறுகினால் இன்னும் வலிக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். வயிறும் குடலும் நரம்புகளால் மூளையோடு நேரடியாக இணைந்தவை. அதனால் அடிக்கடி வெளிக்குப் போவது, எரிச்சல், உப்புசம் எல்லாம் கூடுதலாக வரும். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதால் வலி பொய் ஆகிவிடாது. அவர் நடிக்கவில்லை.

கேன்டீன் சரக்கு கிடைக்குது. அதைக் குடிச்சாத்தான் தூங்குறார். நிறுத்தச் சொல்லலாமா?

சாராயம் தூங்கவைக்கும், தூக்கத்தைக் கெடுக்கவும் செய்யும். முதல் இரண்டு மணி நேரம் கட்டையாகக் கிடப்பார். விடியற்காலையில் அதன் பிடி விட்டதும் கனவு இருமடங்காக வரும். பிரஷர் ஏறும், சுகர் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தாழும்.

நிறுத்த வேண்டும், ஆனால் தினமும் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தவைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தோடு நிறுத்த வேண்டும். கோபத்தில் பாட்டிலை வாய்க்காலில் ஊற்றிவிட்டு அவரை அறையில் பூட்டிவைத்த ஒரு வீட்டில் மூன்றாம் நாள் வலிப்பு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்தார்.

என் மாமனார் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர். அதைப் பற்றி மட்டும் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

1987-லிருந்து 1990 வரை அங்கே இருந்த நம் படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். திரும்பியவர்களுக்கு மாலை மரியாதை இல்லை. அதிலும் தமிழ்ச் சிப்பாய்களின் பாரம் தனி. வீடு வீடாகச் சோதனை போடும்போது மற்ற மாநிலத்துக்காரர் காதில் வெறும் கூச்சலாக விழுந்தது, இவர்கள் காதில் வார்த்தையாக விழுந்தது. "அந்தக் கிழவி எங்க அம்மா பேசுற மாதிரியே பேசினா தம்பி" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வந்த ஊரிலும் கோடியக்கரையில் நின்றால் எதிரே அதே கடல்.

செய்ததற்காகவோ, செய்யாமல் விட்டதற்காகவோ, கண்ணெதிரே நடந்ததைத் தடுக்க முடியாமல் போனதற்காகவோ மனசு தன்னையே தண்டிப்பதை இப்போது தார்மீகக் காயம் என்கிறார்கள். இது பயத்திலிருந்து வேறுபட்டது. இதற்கு "நீங்க தப்பு பண்ணலை" என்ற ஆறுதல் போதாது, சில சமயம் கோபத்தைத்தான் கிளப்பும். எழுந்து போகிறாரா, போகட்டும். துரத்திக் கேட்காதீர்கள். திரும்பி வரும்போது காபியோடு அங்கேயே உட்கார்ந்திருங்கள். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடம் இதைப் பேச முறைகள் இருக்கின்றன, ஆனால் முதல் சொல் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

சுனாமிக்கும் கஜாவுக்கும் அப்புறம்தான் அவருக்கு ரொம்ப மோசமாச்சு. அது எப்படி?

ஆறிய புண்ணில் மறுபடி அடிபட்டால் எப்படியோ அப்படி. 2004 டிசம்பரில் நாகப்பட்டினம் கரையில் பிணம் எடுத்தவர்களில் லீவில் வந்திருந்த, ஓய்வு பெற்றிருந்த படைவீரர்களும் உண்டு. பழகிய கை என்று எல்லோரும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் கரையேறிய ராத்திரி, காற்றின் ஊளைச் சத்தமும் தென்னை முறிகிற சத்தமும் சிலருக்கு வேறொரு ராத்திரியாகவே இருந்தது. டாக்டரிடம் இந்தச் சம்பவங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருச்சிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஒரு மண்டலம் தங்கி, விடிகாலை எழுந்து, தீர்த்தம் வாங்கி, ஒழுங்கான நேரத்தில் சாப்பிட்டு, குடியில்லாமல் இருப்பதே பலருக்கு அமைதி தரும். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். சுகர் மாத்திரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கட்டிப்போடுவது, அடிப்பது, புகை போடுவது என்று எங்கே யார் சொன்னாலும் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்.

மனநல மாத்திரை போட்டா அடிமை ஆயிடுவாரா? வாழ்நாள் முழுக்கப் போடணுமா?

இந்த நோய்க்கு முதலில் தருவது பெரும்பாலும் செர்ட்ராலின், பராக்ஸிட்டின் போன்றவை. இவற்றுக்கு யாரும் அடிமையாவதில்லை. வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு "கேக்கல" என்று விடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு. நிறுத்தும்போதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். அடிமையாக்கக்கூடியவை அல்பிரசோலம், டயசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள். பி.டி.எஸ்.டி.க்கு அவற்றைத் தொடர்ந்து கொடுப்பதை இப்போதைய மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கிக்கொடுக்காதீர்கள்.

சில மனநல மருந்துகள், உதாரணமாக ஓலான்சபைன், எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அதனால் மனநல டாக்டரிடம் சுகர் நோட்டைக் காட்டுங்கள். சுகர் டாக்டரிடம் மனநலச் சீட்டைக் காட்டுங்கள். இரண்டு சீட்டையும் இரண்டு பையில் வைத்துக்கொண்டு அலைகிற குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மருந்தைவிட நல்ல பலன் தருவது பேச்சுவழிச் சிகிச்சை. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், ஒருவர் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளவைப்பது. அதைத் தவிர, கண்ணை இருபுறமும் அசைத்துக்கொண்டே நினைவைக் கையாளும் இஎம்டிஆர் என்ற முறையும் உண்டு. நம் மாவட்டங்களில் இவற்றில் பயிற்சி உள்ளவர்கள் குறைவு என்பது உண்மை. இருந்தாலும் கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் ஆள் போடுவார்கள்.

எங்கே போறது? யார்கிட்ட என்ன சொல்றது?

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் கார்டு இருந்தால் உங்கள் பெயர் பதிவான பாலிகிளினிக்குக்குப் போங்கள். 2003-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மனநோய்க்கும் சிகிச்சை உண்டு. அங்கிருந்து மனநல மருத்துவரிடம் எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். கார்டு இல்லையென்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்துவையுங்கள். வெளியே தெரிந்துவிடுமோ என்ற தயக்கம் இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 2022-ல் வந்தது. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

உள்ளே போனதும் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். "நான் ராணுவத்தில் இத்தனை வருஷம் இருந்தேன், இன்ன இடத்தில் சண்டையில் இருந்தேன், ராத்திரி இப்படி ஆகிறது, சுகர் இவ்வளவு, பிரஷர் இவ்வளவு, குடி இவ்வளவு." டாக்டருக்கு முன்னால் அறுபது பேர் நிற்பார்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கமாட்டார். நான் மோட்டார் கொட்டகையில் பார்த்த அந்த ஹவல்தார் பதினெட்டு வருஷமாகச் சுகர் பார்த்துக்கொண்டவர். ஒரு டாக்டரும் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டதில்லை.

இதுக்கு ஊனமுற்றோர் பென்ஷன் கிடைக்குமா?

பணியால் வந்த அல்லது பணியால் கூடிய நோய் என்று மெடிக்கல் போர்டு ஏற்று, ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று போட்டால் வழி உண்டு. சேரும்போது உடம்பில் இல்லாத நோய், இடையில் வந்து அதனால் வெளியே அனுப்பப்பட்டால், அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால் மேல்முறையீடு உண்டு, பிறகு சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ஓய்வு பெற்று வெகுநாள் கழித்துத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான பாதை, மறைக்க விரும்பவில்லை. டிஸ்சார்ஜ் புக், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பென்ஷன் வருகிறதா என்று தெரிந்த பிறகு வைத்தியம் பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

"செத்துப் போயிருந்தா நல்லாருந்திருக்கும்"னு அடிக்கடி சொல்றார். சும்மா பேச்சுதானே?

சும்மா பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை இன்றைக்கே வீட்டை விட்டு அகற்றுங்கள். லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் அதையும். சுகர், பிரஷர் மாத்திரைகளையும் உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள், அல்லது 14416-ல் பேசுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்கிறது.

எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கிறேன். எனக்கும் இப்பத் தலை சுத்துது, தூக்கம் இல்ல.

உங்களைக் கேட்க யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும் அம்மா. இருபது வருஷம் ஒருவர் அலறலில் விழித்தெழுந்தவரின் உடம்பும் விழித்தபடியேதான் இருக்கும். என்னிடம் வருகிற வீட்டம்மாக்களுக்கும் நான் பிரஷர் பார்ப்பேன். அவருக்கு 140 இருந்த வீட்டில் இவருக்கு 170 பார்த்திருக்கிறேன், ஒரு மாத்திரைகூடப் போடாதவர். இ.சி.எச்.எஸ்.ஸில் மனைவிக்கும் கார்டு உண்டு. அடுத்த தடவை அவரோடு போகும்போது அதையும் மஞ்சள் பைக்குள் எடுத்து வையுங்கள். அவருக்குப் பார்த்து முடித்ததும் அதே நாற்காலியில் நீங்களும் உட்கார்ந்து கையை நீட்டுங்கள்.